வீடு என்னும் பள்ளி



கல்வி என்னும் சொல் காதில் விழுந்தவுடன் உங்கள் மனக்கண்முன் தோன்றுவது யாது? ஓட்டுக் கூரை வேய்ந்த ஒரு கட்டடம். அதன் முன்னே ஒரு வேப்பமரம். மரக்கிளையில் தொங்கும் தண்டவாளத் துண்டு. அதனை ஓங்கி அடித்து எழுப்பும் மணியோசை. எனக்கும் அவையே தோன்றும். ஆசிரியப் பயிற்சி பெற்று 1982ஆம் ஆண்டில் பணியிற் சேர்ந்தேன். 2017ஆம் ஆண்டில் தலைமையாசிரியராக ஓய்வு பெற்றேன். 35 ஆண்டுகள் அந்த மணியோசைக்கு எழுந்து, அந்த மணியோசைக்கு அமர்ந்தவன் நான். ஆயினும் இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் வேறு. மணியோசை இல்லாத ஓர் இடத்தில் ஒரு சிறு குழந்தைக்கு நான் கற்பிக்க முயன்றதையும், அக்குழந்தை எனக்குக் கற்பித்ததையும் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஓர் உண்மையை நினைவுபடுத்திக்கொள்வோம். மூன்று வயதுக் குழந்தை ஒன்று பேசுவதைக் கவனித்திருக்கிறீர்களா? "அண்ணன் வந்தான், அக்கா வந்தாள், மாடு வந்தது" என்று அது சொல்கிறது. 'மாடு வந்தான்' என்று பெரும்பாலும் சொல்வதில்லை. உயர்திணை, அஃறிணை, ஆண்பால், பெண்பால் என்று நீங்கள் உயர்நிலைப் பள்ளியில் வருந்திக் கற்ற இலக்கணத்தை அக்குழந்தை தன் நாவில் ஏற்றிக்கொண்டு விட்டது. அதற்கு இலக்கணம் கற்பித்தவர் யார்? தேர்வு வைத்தவர் யார்? ஒருவரும் இலர். தாய் பேசினாள், தந்தை பேசினார், பாட்டி கதை சொன்னாள், குழந்தை கேட்டது, கற்றது. இதிலிருந்து நாம் அறிவது என்ன? கற்கும் வேட்கை பசியைப் போலக் குழந்தையோடு உடன் பிறந்தது. அதனை வெளியிலிருந்து யாரும் கொண்டுவந்து ஊட்ட வேண்டுவதில்லை. கெட்டுப் போகாமல் காப்பதே பெரியவர்களின் கடமை.

இவ்வுண்மையை நான் பயிற்சிப் பள்ளியிலேயே படித்தேன், தேர்விலும் எழுதினேன், நல்ல மதிப்பெண்ணும் பெற்றேன். ஆனால் அதனை உணர்ந்தது என் 61ஆம் வயதில்தான்.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் கொரோனாப் பெருந்தொற்றின் காரணமாகப் பள்ளிகள் மூடப்பட்டதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நம் மாநிலத்தில் ஒன்று முதல் எட்டு வரையுள்ள வகுப்புகள் 2021 நவம்பர் முதல் நாளன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. என் பேத்திக்கு அப்போது ஐந்து வயது. அவ்வாண்டு சூன் திங்களில் முதல் வகுப்பிற் சேர வேண்டியவள். "வேறு ஆசிரியரை எங்கே போய்த் தேடுவது? வீட்டிலேயே ஒரு தலைமையாசிரியர் சும்மாதானே இருக்கிறார்!" என்றாள் என் மனைவி. எனக்கும் அது மகிழ்ச்சியாகவே இருந்தது.

மறுநாளே கூடத்துச் சுவரில் கால அட்டவணை ஒன்றைத் தொங்கவிட்டேன். காலை ஒன்பது மணிக்குத் தமிழ், பத்து மணிக்குக் கணக்கு, பதினொரு மணிக்கு ஆங்கிலம், பன்னிரண்டுக்கு ஓவியம். மணி அடிக்க ஓர் எவர்சில்வர் தட்டும் கரண்டியும். வருகைப் பதிவேடு ஒன்றுகூடத் திறந்தேன். ஒரே ஒரு பெயர் எழுதிய வருகைப் பதிவேடு! நீங்கள் சிரிக்கலாம். அன்று எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதனைக் கடமை என்றே கருதினேன்.

முதல் வாரம் குழந்தை ஆர்வத்தோடு வந்தாள். இரண்டாம் வாரம் அழைத்தால் வந்தாள். மூன்றாம் வாரம் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. கற்பலகைக் குச்சிகள் நாள்தோறும் காணாமற் போயின. துளசி மாடத்தின் பின்னே அவற்றைக் குவியலாகக் கண்டெடுத்தாள் என் மனைவி. நான் குரலை உயர்த்தினேன். 'அ' என்னும் எழுத்தை இருபது முறை எழுதச் சொன்னேன். ஒரு நாள் காலை வானம் இருண்டு கொண்டு வந்தது. குழந்தை வாயிலில் நின்று அண்ணாந்து பார்த்தாள், பிறகு மெல்ல என்னிடம் வந்து, "தாத்தா, மழை பெய்தால் இன்று பள்ளிக்கூடம் விடுமுறையா?" என்று கேட்டாள்.

அவள் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? அவள் பிறந்து வளர்ந்த கூடத்தில் இருக்கிறது. ஆசிரியர் யார்? அவளைத் தோளில் சுமந்த தாத்தா. அந்த வீட்டிலிருந்தும் அந்தத் தாத்தாவிடமிருந்தும் விடுதலை வேண்டி ஒரு குழந்தை மழையை எதிர்பார்க்கிறது!

அன்று இரவு என் மகளிடம் இதனைச் சொல்லி வருந்தினேன். அவள் சிறிது நேரம் பேசாதிருந்தாள். பிறகு, "அப்பா, எனக்கும் இப்படித்தான் இருந்தது" என்றாள். அவ்வளவுதான், மேலே ஒன்றும் சொல்லவில்லை. அவள் சிறுமியாக இருந்தபோது மாலைதோறும் என் அருகே உட்கார வைத்துப் பாடம் சொல்லியிருக்கிறேன். ஒரு பிழைக்கு ஒரு குட்டு என்பது கணக்கு. அவள் நன்றாகத் தேறினாள், பட்டம் பெற்றாள், அரசு அலுவலகம் ஒன்றில் பணியிலும் அமர்ந்தாள். ஆனால் கடைசித் தேர்வு எழுதிய நாளுக்குப் பிறகு அவள் தானாக விரும்பி ஒரு நூலைக் கையில் எடுத்து நான் கண்டதில்லை. அது அவள் இயல்பு என்று இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். அந்த ஒரு சொல்லால் உண்மை விளங்கிற்று. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் கல்வி புகட்டியதாகப் பெருமை கொண்டவன், என் வீட்டில் ஒரு விளக்கை ஊதி அணைத்திருக்கிறேன்.

மறுநாள் நான் மணி அடிக்கவில்லை. அட்டவணையையும் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். குழந்தை என்ன செய்கிறாள் என்று பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பது என்று முடிவு செய்தேன்.

எங்கள் மாட்டுக் கொட்டிலின் தாழ்வாரத்தில் மழை படாத நுண்மணல் உண்டு. அங்கே அவள் குந்தி உட்கார்ந்து எதையோ உற்று நோக்கிக்கொண்டிருந்தாள். அருகே சென்றேன். மணலில் புனல் போன்ற சிறு குழிகள். குழியின் அடியில் ஒரு பூச்சி மறைந்திருக்கிறது. நம் நாட்டுப்புறத்தில் அதனைக் குழியானை என்பார்கள். வழிதவறி வரும் எறும்பு குழியின் விளிம்பில் கால் வைத்தவுடன் மணல் சரிகிறது. எறும்பு மேலேற முயல்கிறது. அடியில் இருக்கும் பூச்சி தலையால் மணலை வாரி எற்றுகிறது. எறும்பு உருண்டு உள்ளே விழ, இடுக்கி போன்ற தாடைகள் அதனைப் பற்றிக்கொள்கின்றன. குழந்தை மூச்சுவிடவும் மறந்து இதனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வந்ததையும் அறியவில்லை. என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். நாற்பது நிமிடம்! ஒரு முழுப் பாடவேளை! கூடத்தில் ஐந்து நிமிடம் ஓரிடத்தில் இருக்க மாட்டாத குழந்தை இவள்.

பின்னர்க் கேள்விகள் பிறந்தன. "இது ஏன் பின்பக்கமாகவே நடக்கிறது? இவ்வளவு சின்னதாக இருக்கிறதே, இதை ஏன் யானை என்கிறார்கள்? இது பெரியதானால் என்ன ஆகும்?" முதல் கேள்விக்கு இருவரும் சேர்ந்து விடை கண்டோம். பின்னோக்கி வட்டமாக நகர்ந்துகொண்டே மணலை எற்றுவதால்தான் குழி உருவாகிறது. மூன்றாம் கேள்விக்கு எனக்கு விடை தெரியவில்லை. வகுப்பறையில் இருந்திருந்தால், "பாடத்தைக் கவனி" என்று சொல்லியிருப்பேன். அன்று, "தெரியாது அம்மா, தெரிந்துகொள்ளலாம்" என்றேன். குழந்தையின் முகம் மலர்ந்தது. தாத்தாவுக்கும் தெரியாதது ஒன்று உண்டு என்பதே அவளுக்குப் பெரிய செய்தி. பூச்சிகளைப் பற்றிய படநூல் ஒன்றை வரவழைத்தோம். குழியானை ஓர் இளம் பருவம். அது மணலையும் தன் நூலையும் கொண்டு உருண்டைக் கூடு கட்டி, அதனுள் உறங்கி, பின்னர்த் தட்டானைப் போல நீண்ட மெல்லிய சிறகுகளோடு வெளிவருகிறது என்று அந்நூல் கூறிற்று. மண்ணிற் பின்னோக்கி ஊர்ந்தது வானில் பறக்கிறது! அவளுக்கு வியப்பு. எனக்கும் வியப்பே.

அன்று மாலை அவளே கற்பலகையைக் கொண்டுவந்தாள். "குழியானை என்று எழுதிக் காட்டுங்கள்" என்றாள். என் அட்டவணைப்படி ழகரம் நான்கு திங்கள் கழித்து வர வேண்டிய எழுத்து. எளியதிலிருந்து அரியதற்குச் செல்ல வேண்டும் என்பது நான் கற்ற முறை. குழந்தைக்கோ தான் விரும்பிய சொல்லில் உள்ள எழுத்து எதுவோ அதுவே எளிய எழுத்து. 'ழி' அன்றே வந்தது. 'னை' மறுநாள் வந்தது. நாள்தோறும் குழிகளை எண்ணினாள், எண்ணியதை எழுதினாள். ஒரு நாள் 11 குழி, மறுநாள் 14, பலத்த சாரல் அடித்த நாளுக்கு மறுநாள் மூன்றே குழி. "ஈர மணல் சரியாது, அதனால்தான் குழி இல்லை" என்று அவளே சொன்னாள். பார்த்தல், எண்ணுதல், பதிவு செய்தல், காரணம் காணுதல் ஆகிய இவையெல்லாம் அறிவியலின் படிகள் அல்லவா?

கணக்கும் இவ்வாறே வந்தது. என் மனைவி வாயிலில் கோலமிடும்போது புள்ளி வைப்பாள்: நடுவரிசையில் ஏழு, அதற்கு மேலும் கீழும் ஐந்து, மூன்று, ஒன்று. குழந்தை மேலிருந்து எண்ணத் தொடங்கினாள். முதல் வரிசையில் ஒன்று. இரண்டு வரிசைகளையும் சேர்த்தால் நான்கு. மூன்று வரிசைகளுக்கு ஒன்பது. நான்கு வரிசைகளுக்குப் பதினாறு. அத்தனை புளியங்கொட்டைகளை எடுத்துத் தரையில் அடுக்கச் சொன்னேன். நான்கு கொட்டைகள் இரண்டுக்கு இரண்டாகச் சதுரமாயின; ஒன்பது மூன்றுக்கு மூன்றாயின; பதினாறு நான்குக்கு நான்காயின. ஒற்றை எண்களை ஒன்றிலிருந்து வரிசையாகக் கூட்டினால் எப்போதும் வர்க்க எண்ணே வரும் என்பதை நீங்கள் உயர்வகுப்பில் வாய்பாடாகக் கற்கிறீர்கள். அது நம் வீட்டு வாயிலில் நாள்தோறும் விடியற்காலையில் வரையப்பட்டுக்கொண்டிருக்கிறது! அடுக்களைக்குச் சென்றால் அங்கே பின்னக் கணக்கு: இரண்டு ஆழாக்கு ஓர் உழக்கு, இரண்டு உழக்கு ஓர் உரி, இரண்டு உரி ஒரு படி. பழைய அளவைகள் பரணில் கிடந்தன. அவற்றை இறக்கி அரிசியால் நிரப்பி நிரப்பிக் கொட்டியதில் அரையும் காலும் அரைக்காலும் அவளுக்கு விளையாட்டாயின.

இந்த அனுபவத்திற்குப் பிறகு, வீட்டிலேயே கல்வி பெற்றவர்களின் வரலாறுகளை நான் மீண்டும் எடுத்துப் படிக்கலானேன். முன்பு படித்தபோது கண்ணிற் படாதவை இப்போது பட்டன. அவற்றுள் மூன்றை மட்டும் உங்களுக்குச் சொல்கிறேன்.

முதலாவது, ஆங்கில நாட்டுப் பேரறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில்லின் வரலாறு. அவர் 1806ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்தார். பள்ளிக்கே செல்லவில்லை. தந்தை ஜேம்ஸ் மில்லே ஆசிரியர். மூன்றாம் வயதில் கிரேக்கமொழி. எட்டாம் வயதில் இலத்தீன். அக்காலத்தில் கிரேக்கச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் பொருள் கூறும் அகராதி அச்சிறுவனுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு சொல்லுக்கும் தந்தையையே கேட்டான். தந்தையோ அதே மேசையில் அமர்ந்து இந்திய வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். இந்தியாவுக்கு வராமலேயே அவர் எழுதிய வரலாறு அது. பொறுமை குறைந்தவராயிருந்தும், மகன் குறுக்கிட்டுக் கேட்டபோதெல்லாம் அவர் விடை சொன்னார். காலைதோறும் இருவரும் வயல்வழிகளில் உலாவச் செல்வர். முன்னாள் படித்ததை மகன் சொல்லத் தந்தை கேட்பார். மகன் தானே முயன்று பார்க்கும் முன் எதற்கும் அவர் விடை கூறுவதில்லை. இவையெல்லாம் போற்றத் தக்கன. ஆனால் விளையாடத் தோழர் இல்லை; விடுமுறை இல்லை; அன்பைச் சொல்லிக் காட்டும் வழக்கம் இல்லை. 1826இல், இருபதாம் வயதில், அவ்விளைஞர் பெரும் மனச்சோர்வில் ஆழ்ந்தார். எதிலும் இன்பம் தோன்றவில்லை. அறிவை வளர்த்த அக்கல்வி உணர்ச்சியை வறள விட்டுவிட்டது என்று பின்னர் அவரே தம் வரலாற்றில் எழுதினார். வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்தது அவரை மீட்க உதவிற்று. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று நாம் பழமொழி சொல்கிறோம். வளைக்கலாம், ஆயினும் முறிகிற ஓசை கேட்கிறதா என்று செவி கொடுத்துக்கொண்டே வளைக்க வேண்டும்.

இரண்டாவது, தாமஸ் ஆல்வா எடிசன். 1847இல் அமெரிக்காவிற் பிறந்த இவர் சில திங்களே பள்ளியிற் பயின்றார். ஆசிரியர் ஒருவர் தம்மை மூளை குழம்பியவன் என்று சொன்னதைக் கேட்டு அழுதுகொண்டு வீடு திரும்பியதாகவும், தாய் வெகுண்டு தம்மைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டதாகவும் அவர் பிற்காலத்தில் கூறியுள்ளார். பள்ளியிலிருந்து வந்த கடிதத்தைத் தாய் மாற்றிப் படித்துக் காட்டினாள் என்று ஒரு கதை இக்காலத்தில் கைப்பேசிதோறும் உலவுகிறது. அது பின்னர்ப் புனைந்த கதை, நம்பிவிடாதீர்கள். உண்மையே போதிய அளவு சிறப்புடையது. அவருடைய தாய் நான்சி முன்னர் ஆசிரியையாக இருந்தவர். அவர் மகனோடு அமர்ந்து நல்ல நூல்களைப் படித்தார். ஏறத்தாழ ஒன்பதாம் வயதில், பார்க்கர் என்பவர் எழுதிய இயற்பியல் நூல் ஒன்றைக் கையிற் கொடுத்தார். சிறுவன் அந்நூலிற் கண்ட சோதனைகளைச் செய்து பார்க்கத் தொடங்கினான். வீட்டின் நிலவறையில் புட்டிகள் சேர்ந்தன; யாரும் தொடாதிருக்க அவற்றின்மேல் 'நஞ்சு' என்று எழுதி ஒட்டினான். எந்தத் தாய்க்குத்தான் அச்சம் வராது? ஆயினும் நான்சி இடம் கொடுத்தார். பிற்காலத்தில் அமெரிக்க நாட்டில் 1,093 காப்புரிமைகள் பெற்றவரின் முதல் ஆய்வுக்கூடம், ஒரு தாய் விட்டுக்கொடுத்த நிலவறையே. தம்மை உருவாக்கியவர் தாயே என்று எடிசன் நன்றியோடு நினைந்தார்.

மூன்றாவது, காந்தியடிகள். இவர் வரலாற்றில் நமக்கு ஓர் எச்சரிக்கை இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் வாழ்ந்தபோது தம் மைந்தரை அங்கிருந்த பள்ளிகளுக்கு அனுப்ப விரும்பாது, தாமே கற்பிக்க முற்பட்டார். தாய்மொழி வாயிலாகக் கற்பிக்க வேண்டும், நல்லொழுக்கம் முதன்மை பெற வேண்டும் என்பன அவர் நோக்கங்கள். அலுவலகத்திற்கு நடந்து செல்லும் வழியில் மைந்தரோடு உரையாடியே கற்பித்தார். ஆனால் பொதுப்பணி அவர் நேரத்தையெல்லாம் உண்டுவிட்டது. நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் தவறாது ஒதுக்கியிருந்தால் அக்கல்வி நிறைவுடையதாயிருக்கும் என்று 'சத்திய சோதனை'யில் அவர் ஒப்புக்கொள்கிறார். மைந்தருக்கு அதனால் மனக்குறை இருந்ததையும் அவர் மறைக்கவில்லை. 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையிலும் அவர் ஆசிரியராக இருந்தார். அங்கே தமிழ்க் குழந்தைகளும் பயின்றனர். கப்பலிலும் சிறையிலும் தாம் முயன்று கற்ற சிறிதளவு தமிழைக் கொண்டு அக்குழந்தைகளுக்கு எழுத்தறிவித்தார். தம் அறியாமையை மாணவரிடமிருந்து மறைக்காததே அவர்கள் அன்பைப் பெற்றுத் தந்தது என்று எழுதுகிறார். மாட்டுக் கொட்டிலில் 'தெரியாது' என்று சொன்ன நாளில் நான் கண்டதும் அதுவே.

இம்மூன்று வரலாறுகளையும் சேர்த்துப் பாருங்கள். மில்லின் தந்தையிடம் ஒழுங்கு இருந்தது, நெகிழ்ச்சி இல்லை. காந்தியடிகளிடம் அன்பும் உயர்ந்த நோக்கமும் இருந்தன; நேரம் இல்லை. எடிசனின் தாயிடம் நூலும் இருந்தது, இடமும் இருந்தது, பொறுமையும் இருந்தது. குழந்தையின் கேள்விக்கு உரிமை வேண்டும். அக்கேள்வியோடு உட்காரப் பெரியவர்க்கு ஒழுங்கான நேரம் வேண்டும். இவற்றுள் ஒன்றிருந்து ஒன்றில்லாவிட்டால் வண்டி ஒற்றைச் சக்கரத்தில் ஓட வேண்டியதுதான். ஆகவேதான் அட்டவணையைக் கழற்றிய நானும், காலை ஒன்பது முதல் பத்து வரையுள்ள ஒரு மணி நேரத்தை மட்டும் விடவில்லை. அந்நேரத்தில் என்ன செய்வது என்பதை அவள் பெரும்பாலும் தேர்ந்தெடுத்தாள். நான் தவறாது வந்து அமர்ந்தேன். எழுத்துப் பயிற்சியும் வாய்ப்பாடும் வேண்டாமென்று விட்டுவிடவில்லை. அவற்றின் தேவையை அவள் உணரும்வரை காத்திருந்து கொடுத்தேன்.

காத்திருத்தல் எளிதன்று. குழந்தைக் கல்வியில் பெயர்பெற்ற மரியா மாண்டிசோரி அம்மையார் 1939ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். உலகப்போர்க் காலத்தில் கொடைக்கானலிலும் சில ஆண்டுகள் வாழ்ந்தார். ஒரு பணியில் ஆழ்ந்திருக்கும் குழந்தையைப் புகழ்ந்துகூட இடையூறு செய்யலாகாது என்பது அவர் கொள்கை. பயிற்சிப் பள்ளியில் அதனைப் படித்தபோது, 'இஃது என்ன மிகை!' என்று எண்ணினேன். அந்த நாற்பது நிமிடத்தில் நான் வாய் திறந்திருந்தால் குழியானையும் போயிருக்கும், கேள்வியும் போயிருக்கும்.

இவ்வளவும் சொல்வதனால் பள்ளி வேண்டுவதில்லை என்று நான் கருதுவதாக எண்ணிவிடாதீர்கள். வீட்டுக் கல்வியைப் பற்றி நாடுகள் ஒரே கருத்துக் கொண்டிருக்கவில்லை. இங்கிலாந்தின் சட்டம் பிள்ளைக்குக் கல்வியளிக்கும் கடமையைப் பெற்றோர்மேல் வைத்து, பள்ளியிலோ பிற வழியிலோ அதனை நிறைவேற்ற இடம் தருகிறது. செருமனியில் பொதுவாக வீட்டுக் கல்விக்கு இடமில்லை. நம் நாட்டில் 2009ஆம் ஆண்டில் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் முதல் நாள் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயது வரையுள்ள குழந்தைகளுக்குக் கட்டணமில்லாக் கட்டாயக் கல்வியை உரிமையாக்கியிருக்கிறது. தலைமுறை தலைமுறையாக எழுத்தறிவு மறுக்கப்பட்டவர் நிறைந்த நாட்டில் அவ்வுரிமை அருமையானது. ஓய்வு பெற்ற ஆசிரியர் எல்லா வீட்டிலும் இல்லை. வேலைக்குச் செல்லும் தாய்க்கு ஒன்பது மணி ஓய்வு நேரமும் அன்று. அதற்கும் மேலாக, வீடு தர முடியாத ஒன்றைப் பள்ளி தருகிறது. நான்கு தெருக் குழந்தைகள் ஒரே பாயில் அமர்ந்து, ஒரே பந்தியில் உண்டு, ஒரே மணியோசைக்கு ஓடுவது பள்ளியில்தான். என் பேத்திக்குக் குழியானையைக் காட்ட என்னால் முடிந்தது. ஒரு தோழியை என்னால் காட்ட முடியவில்லை. 2021 நவம்பரில் பள்ளி திறந்த அன்று அவள் ஓடிய ஓட்டம் அதனை எனக்கு உணர்த்திற்று. அன்று வானம் இருண்டுதான் இருந்தது. அவள் விடுமுறை கேட்கவில்லை.

இன்னும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். படநூல் வந்த புதிதில் என் மகள் இரவில் அதனைக் குழந்தைக்குப் படித்துக் காட்டுவது வழக்கம். ஓரிரவு நெடுநேரமாகியும் அறையில் விளக்கு அணையவில்லை. குழந்தைக்கு உடல்நலம் இல்லையோ என்று எட்டிப் பார்த்தேன். குழந்தை நன்றாக உறங்கிக்கொண்டிருந்தாள். என் மகள் சுவரில் சாய்ந்து அமர்ந்து, அந்நூலின் அடுத்த பக்கத்தைத் தனக்காகப் படித்துக்கொண்டிருந்தாள். நான் ஓசைப்படாமல் திரும்பிவிட்டேன். ஊதி அணைத்த விளக்குகளுள் சில, திரி நனையாதிருந்தால், மீண்டும் பற்றிக்கொள்ளும் போலும்.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டில் ஒரு தம்பியோ தங்கையோ அக்காள் குழந்தையோ இருக்கக்கூடும். நாளை உங்களுட் பலர் பெற்றோராவீர்கள், சிலர் ஆசிரியராவீர்கள். அக்குழந்தை உங்கள் கையைப் பிடித்து இழுத்து, "இது என்ன?" என்று கேட்கும்போது, கையிலுள்ள கைப்பேசியை ஒருபுறம் வைத்துவிட்டு அதனோடு குந்தி உட்காருங்கள். விடை தெரியுமாயின், அது முயன்று பார்த்தபின் சொல்லுங்கள். தெரியாதாயின், தெரியாது என்று சொல்லிச் சேர்ந்து தேடுங்கள். நாள்தோறும் அதற்கென ஒரு சிறு பொழுதை ஒதுக்குங்கள், அதனைத் தவறவிடாதீர்கள்.

உங்களுக்கும் இதுவே பொருந்தும். தேர்வுகள் வரும்; எழுதுங்கள்; வெற்றி பெறுங்கள். ஆனால் எந்தத் தேர்விலும் வராத ஒரு கேள்வியை உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். கடைசித் தேர்வு முடிந்த மறுநாள் காலையிலும் அக்கேள்வி உங்களை எழுப்புமாயின், உங்கள் கல்வி நல்ல கல்வி என்று தயங்காது சொல்லலாம்.